31 கிராம் செல்லும் இரண்டு டார்ச்சும்

சமையல்கட்டில் தங்கை கேக் மாவு நிறுக்க வாங்கி வைத்திருக்கும் டிஜிட்டல் தராசில் டார்ச்சின் பேட்டரி செல்லை வைத்தேன். 31 கிராம். மேலே தங்க நிற எழுத்தில் கொள்ளளவு 9900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர் மணி) என்று அச்சடித்திருந்தது. ஒழுங்கான 18650 செல் 44, 45 கிராமாவது இருக்கும். 18 மி.மீ. குறுக்களவு, 65 மி.மீ. நீளம் என்ற அந்தச் சின்ன டப்பாவுக்குள் பெரிய கம்பெனிகளே பெரும்பாலும் 3500 பக்கத்தில்தான் நிற்கின்றன. பிறகு ஒருநாள் கொள்ளளவு காட்டும் சார்ஜரில் போட்டுப் பார்த்தபோது 780 வந்தது. ஆன்லைனில் 649 ரூபாய்க்கு வாங்கிய டார்ச்சோடு வந்த செல் அது. பெட்டியில் ஒரு லட்சம் லூமென் (மொத்த வெளிச்சத்தின் அளவு) என்று போட்டிருந்ததை நான் நம்பவில்லை. ஆனால் நூறில் ஒரு பங்காவது நிஜமாக இருக்கும் என்று நம்பியிருந்தேன்.

தராசை எடுக்க வைத்தது முந்தின ராத்திரி. எங்கள் தோப்பு ஆனைமலைக்குப் பக்கத்தில், மலையடிவாரத்தில் இருக்கிறது. வேட்டைக்காரன்புதூர் கால்வாய்த் தண்ணீர் முறை எங்களுக்கு வரும்போது பெரும்பாலும் ராத்திரிதான் வாய்க்கிறது. அன்றைக்கு இரண்டு மணிக்கு மடை திருப்பப் போனேன். மூன்றாவது மடையை அடைவதற்குள் டார்ச் மஞ்சளாகி, ஆரஞ்சாகி, பீடி நுனி அளவுக்கு வந்து நின்றுவிட்டது. கையில் மண்வெட்டி, காலடியில் காய்ந்த மட்டை, சட்டைப்பையில் 12 சதவீத சார்ஜோடு போன். போன் வெளிச்சத்தில் மடையைத் திருப்பிவிட்டு, வரப்பில் ஒவ்வொரு அடிக்கும் மண்வெட்டிக் காம்பால் தரையைத் தட்டிக்கொண்டே சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, வந்து சேர்ந்தேன்.

அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்தார். “அப்பாரு காலத்து மூணு கட்டை லைட்டு இன்னும் பரண்ல கெடக்குது. அதுக்குக் கட்டை வாங்கிப் போட்டிருந்தா இந்தக் கூத்தே இல்ல” என்றார். அந்த லைட்டின் உடம்பு பித்தளை, மூன்று எவரெடி கட்டை போடவேண்டும், குண்டு பல்பு. போட்டுப் பார்த்தேன், எரிந்தது. மஞ்சள் வெளிச்சம், நடுவில் ஒரு கறுப்பு வளையம். ஆனால் எரியும்வரை ஏமாற்றாமல் எரிந்தது. அதை ஒரு வாரம் தூக்கிக்கொண்டு திரிந்த பிறகுதான், ஒழுங்கான டார்ச் ஒன்று வாங்கியே தீர்வது என்று இறங்கினேன்.

உண்மையில் 649 ரூபாய் டார்ச் என் முதல் தவறு அல்ல. அதற்கு முன்னாலேயே பொள்ளாச்சியில் ஒரு கடையில் 1,150 ரூபாய்க்குக் கைப்பிடி வைத்த பெரிய ரீசார்ஜ் லைட் வாங்கியிருந்தேன். உள்ளே லெட் ஆசிட் பேட்டரி. முதல் வருஷம் பிரமாதமாக எரிந்தது. மழைக்காலத்தில் மூன்று மாதம் சார்ஜ் போடாமல் மறந்து வைத்தேன், அதன் பிறகு சார்ஜ் சரியாக நிற்கவில்லை. அந்த வகைப் பேட்டரியைக் காலியாக வைத்தால் செத்துவிடும் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். இப்போது அது கதவுக்கு முட்டுக் கொடுக்கிறது.

மூன்றாவது தவறுதான் பெரிய தவறு, ஏனென்றால் அது யோசித்துச் செய்தது. உள்ளங்கைக்குள் அடங்குகிற, நான்கு எல்.ஈ.டி. வைத்த, 4000 லூமென் டார்ச் ஒன்று. 3,400 ரூபாய். போலி இல்லை, நிஜமாகவே 4000 இருக்கும் போலத்தான் தெரிந்தது. முதல்முறை தோப்புக்குள் போட்டபோது நாற்பது மரமும் பகலாட்டம் தெரிந்தது. ஒரே டார்ச், எல்லா வேலையும் முடிந்தது என்று வீட்டில் எல்லோரிடமும் பெருமை அடித்தேன்.

ஒன்றரை நிமிஷத்தில் உடம்பு கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டது. வெளிச்சம் தானாகவே மூன்றில் ஒரு பங்காக இறங்கிவிட்டது. அவ்வளவு சின்ன அலுமினியத் துண்டில் அவ்வளவு சூடு எங்கே போகும்? அது கெட்டது இல்லை, எல்.ஈ.டி. கருகாமல் இருக்கச் செய்த ஏற்பாடுதான். ஆனால் பெட்டியில் பெரிய எழுத்தில் போட்ட எண் 90 விநாடிக்கு மட்டும்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அடுத்தது வேலி. சாளையிலிருந்து மோட்டார் ரூம் 140 மீட்டர், மலைப்பக்க வேலி 260 மீட்டர். இரண்டையும் போன் மேப்பில் அளந்தேன். காட்டுப்பன்னி அந்த வேலிப்பக்கமாகத்தான் வருகிறது, புதிதாக வைத்த தென்னங்கன்றுகளைக் கிளப்பிப் போட்டுவிட்டுப் போகிறது. 4000 லூமெனை அந்தப் பக்கம் அடித்தால் பாதி தூரத்திலேயே வெளிச்சம் பஞ்சாகப் போய்விடுகிறது. உடுமலையில் நூல் மில்லில் வேலை பார்க்கும் நண்பனிடம் ஓரிடத்தில் விழுகிற வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டர் இருந்தது, மில் ஹாலில் வெளிச்சம் போதுமா என்று பார்க்க வைத்திருப்பது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் வாங்கி வந்தேன். பத்து மீட்டர் தள்ளி களத்துச் சுவரில் மீட்டரை வைத்து டார்ச்சை அடித்தேன். 95 லக்ஸ். தூரத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கேண்டெலா, அதாவது கற்றையின் வலு, வரும்: 9,500. இதை 260-ன் வர்க்கத்தால் வகுத்தால் வேலியில் விழுகிற வெளிச்சம் 0.14 லக்ஸ். டார்ச் கம்பெனிகள் “இத்தனை மீட்டர் பாயும்” என்று போடுவது, வெளிச்சம் 0.25 லக்ஸுக்கு இறங்கும் இடம்வரை. கிட்டத்தட்ட பௌர்ணமி நிலா அளவு. 3,400 ரூபாய் கொடுத்து வேலிக்கு நிலாவைவிட மங்கலான வெளிச்சம் வாங்கியிருக்கிறேன்.

அதற்கும் மேலே ஒரு கூத்து நடந்தது. அப்பா அதைப் பட்டாபட்டி டவுசர் பையில் போட்டுக்கொண்டு போனார். பக்கவாட்டில் பட்டன் உள்ள டார்ச். வரப்பில் குனிந்து மட்டை எடுத்தபோது பட்டன் அமுங்கி, பைக்குள்ளேயே முழு வெளிச்சத்தில் எரிய ஆரம்பித்துவிட்டது. கத்திக்கொண்டே வெளியே எடுத்து வாய்க்காலில் எறிந்தார். பையில் ஒரு ரூபாய் அளவுக்குக் கருகல், தொடையில் ஒரு சிவப்பு வட்டம், அதற்கு மூன்று நாள் தேங்காய் எண்ணெய். டார்ச் தண்ணீருக்குள் எரிந்துகொண்டே கிடந்தது, வாட்டர் ப்ரூஃப் என்று போட்டிருந்தது மட்டும் உண்மை. அந்த டார்ச்சைப் பின்மூடியில் கால் சுற்று தளர்த்திவிட்டால் பட்டன் வேலை செய்யாது. இதை நான் வாங்கிய அன்றே சொல்லியிருக்க வேண்டும். “இதுக்குப் பேரு டார்ச்சா, இஸ்திரிப் பெட்டியா?” என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் முடிந்தபாடில்லை.

இவ்வளவு ஆன பிறகுதான் ஒரு தாளை எடுத்து என்ன வேண்டும் என்று எழுதினேன். இதை முதலிலேயே செய்திருந்தால் 5,199 ரூபாய் மிச்சம்.

எழுதினபோது இரண்டு வெவ்வேறு வேலைகள் ஒன்றாகச் சேர்ந்து கிடப்பது தெரிந்தது. ஒன்று, காலடி. மூன்று நான்கு மீட்டருக்குள், பரவலான வெளிச்சம், நிறம் பிரிந்து தெரியவேண்டும், மூன்று மணி நேரம் இறங்காமல் எரியவேண்டும், எப்போதும் உடம்போடு இருக்கவேண்டும். இன்னொன்று, வேலி. மெல்லிய கற்றை, 260 மீட்டரில் உருவம் தெரிந்தால் போதும், ஒரு தடவைக்குப் பத்து விநாடி போட்டு அணைப்பது, சாளையில் ஆணியில் தொங்கினால் போதும். காலடி லைட்டைப் பிரகாசமாக்கி வேலி லைட் ஆக்கவும் முடியாது, வேலி லைட்டைக் காலடிக்கு அடித்தால் ஒரு தட்டு அளவு வட்டம் கண்ணைக் கூச வைக்கும், சுற்றி எல்லாம் இருட்டு. நான் மூன்று தடவையும் ஒரே லைட்டில் இரண்டையும் வாங்கப் பார்த்திருக்கிறேன்.

காலடி லைட்டுக்கு நான் தேர்ந்தெடுத்தது ஒற்றை 18650 செல் போடுகிற வெறும் குழாய் டார்ச். 118 மி.மீ. நீளம், 24 மி.மீ. தடிமன், பின்னால் டக்கென்று சத்தம் வரும் பட்டன். பின்பட்டன் அழுத்தமாக இருப்பதால் பைக்குள் தானாக எரியாது. உள்ளே நிச்சியா 519ஏ எல்.ஈ.டி., வெளிச்சத்தின் நிறம் 4500 கெல்வின், நீலமும் இல்லாத மஞ்சளும் இல்லாத வெள்ளை. லூமென் கணக்கில் பார்த்தால் அதே விலையில் இரண்டு மடங்கு வெளிச்சம் தருகிற எல்.ஈ.டி.கள் இருக்கின்றன. இதற்கு நிறம் காட்டும் தரம் அதிகம், அதனால்தான் எடுத்தேன்.

அது பேச்சுக்குத்தானா என்று ஒரு சோதனை வைத்தேன். தென்னை மரத்தடியில் காய்ந்த மட்டை, பாளை, பன்னாடை எல்லாம் கிடக்கிற இடத்தில் ஆறு பொருள் போட்டேன்: என் பழைய பழுப்பு பெல்ட், கயிற்றுத் துண்டு இரண்டு, காய்ந்த பீர்க்கங்காய்க் கூடு, ஒரு தோல் செருப்பு, பழுப்புத் துணி முறுக்கியது ஒன்று. அப்பாவை நான்கு மீட்டர் தள்ளி நிறுத்தி, கதவு முட்டுக்குப் போவதற்கு முன் கடைசிச் சார்ஜில் இருந்த அந்த வெள்ளை வெளிச்சப் பொள்ளாச்சி ரீசார்ஜ் லைட்டைக் கொடுத்து எண்ணச் சொன்னேன். மூன்று கண்டுபிடித்தார். இடம் மாற்றிப் போட்டுவிட்டு, இதைக் கொடுத்தேன். ஆறும். “அது போட்டா எல்லாம் சாம்பலாட்டம் இருக்குது. இதுல மட்டை மட்டையாட்டம் தெரியுது” என்றார். கண்ணாடி விரியன் காய்ந்த மட்டைமேல் படுத்திருந்தால் அதன் முதுகுத் திட்டும் மட்டையின் நிறமும் ஒன்றோடொன்று கலந்துவிடும். நீல வெள்ளை வெளிச்சத்தில் அந்தப் பழுப்பு வித்தியாசம் செத்துப்போகிறது. எங்களுக்கு இது அலங்காரச் சமாச்சாரம் இல்லை.

டார்ச் வந்த வழி கொஞ்சம் சுற்று. முன்பெல்லாம் இந்த மாதிரிச் சீன டார்ச்சுகளை அலி எக்ஸ்பிரஸில் வாங்குவார்கள். 2020 நவம்பரில் தடை செய்த 43 செயலிகளில் அதுவும் போய்விட்டது. துபாயிலிருந்து லீவுக்கு வந்த பெரியப்பா மகன் அண்ணனிடம் சொல்லி இரண்டு டார்ச்சையும் செல் இல்லாமல் வரவழைத்தேன். தனியாக இருக்கும் லித்தியம் செல்களை விமானத்தில் பெட்டியில் போட விடமாட்டார்கள், கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும். அண்ணனுக்கு அந்தத் தலைவலி வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

செல் கோயம்புத்தூரில் எடுத்தேன். எலெக்ட்ரிக் ஸ்கூட்டருக்கு பேட்டரி பேக் கட்டுகிற சின்னப் பட்டறை ஒன்று. “நாங்க பேக்காத்தானுங்ணா குடுப்போம், சில்லறையா இல்லீங்ணா” என்றார் அங்கே இருந்தவர். தோப்பு, பாம்பு, 31 கிராம் கதை எல்லாம் சொன்னதும் சிரித்துவிட்டு நாலு செல் எடுத்து வைத்தார். 18650 இரண்டு, ஒன்று 380. வேலி லைட்டுக்கு அதைவிடப் பெரிய 21700 இரண்டு, ஒன்று 550. தராசைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், வெட்கப்படவில்லை. 18650 இரண்டும் 47 கிராம், 21700 இரண்டும் 69 கிராம். மல்டிமீட்டரில் நாலும் 3.5 வோல்ட் பக்கம் காட்டின.

ஒரு விஷயம் அங்கே கற்றுக்கொண்டேன். பேக் கட்டுகிற செல்களுக்குத் தலையில் குமிழ் இருக்காது, தட்டையாக இருக்கும். சில டார்ச்சுகளில் செல்லைத் தலைகீழாகப் போட்டுவிடாமல் இருக்க பிளாஸ்டிக் வளையம் வைத்திருப்பார்கள், அதில் தட்டைத் தலை தொடாது. என் இரண்டு டார்ச்சிலும் முன்னால் ஸ்பிரிங் இருந்ததால் தப்பித்தேன். அதோடு இந்த செல்களில் பாதுகாப்பு சர்க்யூட் கிடையாது. மேலே உள்ள பிளாஸ்டிக் உறை கிழிந்தால் ஷார்ட் ஆகலாம். இப்போது செல்லைச் சாவியோடோ சில்லறையோடோ பையில் போடுவதில்லை. பழைய மாத்திரை டப்பா ஒன்றில் வைக்கிறேன்.

குழாய் டார்ச்சில் 35 சதவீத அளவில் மூன்று மணி பத்து நிமிஷம் எரிந்தது. முழு அளவில் 2.8 ஆம்பியர் இழுக்கிறது. 35 சதவீதம் என்றால் ஒரு ஆம்பியர், 3500 எம்.ஏ.எச். செல்லில் கணக்கு கிட்டத்தட்ட சரியாக இருக்கிறது. எல்.ஈ.டி.யை இயக்கும் சர்க்யூட்டான டிரைவரில் மின்னல், எஸ்.ஓ.எஸ். என்று கண்ட பேய் வேலையெல்லாம் இருந்தது. அவற்றை விட்டுவிட்டு 1, 35, 100 சதவீதம் என்று மூன்றே அளவு இருக்கிற பிரிவுக்கு மாற்றினேன். பட்டன் தட்டும் கணக்கு பிடிபட அரை மணி நேரம் ஆனது. ஒரு சதவீதத்தில் ஏறத்தாழ 7 லூமென். சாளைக்குள் தூங்குகிறவர்களை எழுப்பாமல் செருப்பு தேட அது போதும்.

சூடு பார்க்கக் கொரோனா காலத்தில் வாங்கின நெற்றி தெர்மாமீட்டரை எடுத்தேன். 43 டிகிரிக்கு மேல் அதற்கு எதுவும் தெரியாது. அது டார்ச்சைப் பார்த்து “எச்.ஐ.” என்று காட்டியதைத் தங்கை, டார்ச் வணக்கம் சொல்கிறது என்றாள். பிறகு மல்டிமீட்டரோடு வந்த வெப்ப வயரை டேப் ஒட்டிப் பார்த்ததில் 35 சதவீதத்தில் அரை மணிக்குப் பிறகும் 44 டிகிரிக்கு மேல் போகவில்லை. கையில் பிடித்தால் உடம்புக் கதகதப்புதான்.

ஆனால் நடக்கும்போது ஒரு குறை. குழாய் டார்ச்சின் நடுவட்டம் காலடிக்குக் கொஞ்சம் கூர்மை, ஐந்து மீட்டரில் 210 லக்ஸ். பொள்ளாச்சியில் பாத்ரூம் ஜன்னலுக்கு ஒட்டுகிற பால்வெள்ளை ஸ்டிக்கர் விற்கிற கடையில் கையகலத் துண்டு ஒன்று கேட்டேன், கடைக்காரர் இருபது ரூபாய் வாங்கினார். கண்ணாடி அளவுக்குக் காசு வைத்து வட்டம் வரைந்து, கத்தரித்து, முன்மூடியைத் திருகிக் கழற்றிக் கண்ணாடிக்கு உட்பக்கம் ஒட்டினேன். முதல் வட்டத்தில் காற்றுக் குமிழ் வந்தது, எடுத்துவிட்டு இரண்டாவதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து வழுக்கி ஒட்டினேன். இப்போது ஐந்து மீட்டரில் 45 லக்ஸ். கண்ணுக்கு வட்டமே தெரியாமல் வரப்பு முழுக்க ஒரே சீராக விழுகிறது. இருபது ரூபாய்க்கு இந்த முயற்சி முழுவதிலும் நடந்த நல்ல காரியம் இது.

இனி தேங்காய் எண்ணெய்க் கதை. பின்மூடி திருகும்போது மண் நெரிகிற சத்தம் வந்தது. தோப்புக்காரனுக்கு உலகத்தில் எதற்கும் மருந்து தேங்காய் எண்ணெய். மூடி திருகும் மரையிலும் ரப்பர் வளையத்திலும் இரண்டு சொட்டு விட்டேன். கார்த்திகை முடியும்வரை வழவழவென்று திரும்பியது. மார்கழியில் ஒரு விடியற்காலை செல் மாற்றப் பார்த்தால் மூடி அசையவே இல்லை. எண்ணெய் உறைந்து, அதில் பிடித்திருந்த மண்ணோடு சேர்ந்து சிமெண்ட்டாட்டம் இருந்தது. கம்பளியில் சுற்றி அக்குளில் கால் மணி நேரம் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபிறகுதான் திறந்தது. அப்புறம் ஸ்பிரிட் தொட்ட துணியால் மரை முழுவதையும் துடைத்து, 120 ரூபாய்க்குச் சிலிகான் கிரீஸ் டியூப் வாங்கி, பட்டாணி அளவில் பாதி எடுத்துத் தடவினேன். அதன் பிறகு இந்தத் தொல்லை இல்லை. டியூப் தீர இன்னும் பத்து வருஷம் ஆகும்.

துடைத்து முடித்த அதே வாரம் டார்ச் மின்ன ஆரம்பித்தது. தட்டினால் எரியும், நடந்தால் அணையும். டிரைவர் போய்விட்டது என்று முடிவு கட்டி, மாற்று டிரைவர் விலையெல்லாம் பார்த்துவிட்டேன். கடைசியில் குற்றவாளி பின்மூடிக்குள் இருந்தான். பட்டனைப் பிடித்து வைத்திருக்கும் வளையம் அரைச் சுற்று கழன்றிருக்கிறது. அதில் எதிரெதிராக இரண்டு சின்னக் குழிகள். அதற்கென்று கருவி எதுவும் என்னிடம் இல்லை. தங்கை மகனின் ஜாமெட்ரி பாக்ஸில் இருக்கும் கவராயத்தின் இரண்டு முனையையும் குழியில் வைத்து வலப்பக்கம் திருப்பினேன், இறுகிவிட்டது. ஒரு நிமிஷ வேலை, அதற்கு முன் இரண்டு நாள் கவலை. கவராயத்தின் ஒரு முனை லேசாக வளைந்துவிட்டது. அதை அவன் இன்னும் கவனிக்கவில்லை.

வேலிக்கு வாங்கிய பெரிய லைட்டைப் பற்றிச் சொல்ல அவ்வளவு இல்லை, ஏனென்றால் அது முதல் நாளே சொன்ன வேலையைச் செய்தது. ஒற்றை 21700 செல், 5000 எம்.ஏ.எச்., 60 மி.மீ. அகலத் தலை, வழவழப்பான ஆழமான ரிஃப்ளெக்டர், லூமினஸ் எஸ்.எஃப்.டி.-40 எல்.ஈ.டி. லூமெனில் பார்த்தால் அந்த இஸ்திரிப் பெட்டியில் பாதிதான். ஆனால் இந்த எல்.ஈ.டி.க்கு மேலே குமிழ் இல்லை. வெளிச்சம் சின்னப் பரப்பிலிருந்து வருவதால் ரிஃப்ளெக்டர் அதை ஒரு கோலாகக் குவித்துவிடுகிறது. பத்து மீட்டரில் 1,420 லக்ஸ், அதாவது 1,42,000 கேண்டெலா. வேலியில் 2.1 லக்ஸ். நாலாயிரம் லூமென் கொடுத்ததைப்போல் பதினைந்து மடங்கு.

முழு அளவில் மூன்று நிமிஷத்தில் உடம்பு 54 டிகிரி ஆகிறது. அதனால் 40 சதவீதத்தையே வழக்கமாக வைத்திருக்கிறேன். அதில் வேலியில் 0.8 லக்ஸ் விழுகிறது, நிற்பது பன்னியா கன்னுக்குட்டியா என்று சொல்லிவிடலாம். இரண்டு மணி இருபது நிமிஷம் எரிகிறது. மார்கழிப் பனியில் இதன் கற்றை வெள்ளைத் தூணாக எழுந்து நிற்கும், தூணைத் தவிர வேறு எதுவும் தெரியாது. அந்த மாதம் மட்டும் கையைத் தலைக்கு எட்டாமல் இடுப்புக்குக் கீழே பிடித்து அடித்தால் கொஞ்சம் பரவாயில்லை.

வெளிச்சம் அடித்தால் பன்னி ஓடிவிடும் என்று நினைத்திருந்தேன். முதல் ராத்திரி ஓடியது. இரண்டாவது வாரம் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மண்ணைக் கிளறியது. கண் இரண்டும் பச்சையும் சிவப்புமாக மின்னும் என்று எதிர்பார்த்தேன், பன்னிக்கு அதுகூடச் சரியாக இல்லை. ஆக இது பார்க்க மட்டும்தான். விரட்ட நாயும் தகரமும் வேண்டியிருக்கிறது. இன்னொன்று, எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் கொஞ்ச தூரத்தில் ஆனைமலை புலிகள் காப்பகத்துக் காடு. இரண்டாவது மாதம் வேட்டைத் தடுப்புக் காவலர் இருவர் சாளைக்கு வந்து, “யாருங் இங்க பெரிய லைட்டு அடிக்கிறது?” என்று கேட்டார்கள். வேட்டைக்கு வருகிறவர்கள் இந்த மாதிரி லைட்டைத்தான் தூக்கிக்கொண்டு வருவார்களாம். டீ குடித்துவிட்டு, வேலிக்கு இந்தப் பக்கமே அடியுங்கள், மரத்து மேலேயும் காட்டுக்குள்ளேயும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நியாயம்தான்.

கணக்கு: குழாய் டார்ச் 1,900, பெரியது 3,300, செல்கள் 1,860, கொள்ளளவு காட்டும் இரட்டைச் சார்ஜர் 1,350, கிரீஸ் 120, ஸ்டிக்கர் 20. மொத்தம் 8,550. இதில் நான் திரும்ப யோசித்தால் மாற்றுவது ஒன்று இருக்கிறது. சின்னதையும் 21700 செல் போடுகிற மாடலாகவே எடுத்திருப்பேன். இப்போது மாற்று செல் இரண்டு வகை வைத்திருக்கவேண்டியிருக்கிறது. 21700 குழாயில் ஒரு தாள் உருளையைச் சுற்றி 18650-ஐப் போட்டு ஒப்பேற்றலாம், நேர்மாறாக முடியாது. மூன்று மி.மீ. தடிமன் கூடினால் பட்டாபட்டிப் பைக்கு ஒன்றும் ஆகிவிடாது. பெரியதில் பட்டன் பக்கவாட்டில் இருப்பதும் எனக்குப் பிடிக்கவில்லை, கம் பூட்ஸும் மண்வெட்டியுமாக இருக்கும்போது இருட்டில் தடவிக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. பட்டன் பக்கம் ஒரு சொட்டு ஃபெவிகுயிக் வைத்து மேடு பண்ணியிருக்கிறேன், விரலுக்குத் தெரிகிறது.

பங்குனியில் ஒருநாள், நாலாவது மடைக்குப் பக்கத்தில், மட்டைக் குவியலில் ஒரு சுருள் கிடந்தது. என்னிடமிருந்து இரண்டரை மீட்டர் தூரம் இருக்கும். பெல்ட் இல்லை. பின்னால் நடந்து வேறு வரப்பில் சுற்றிப் போனேன். வீட்டில் சொன்னபோது அம்மா திட்டினார், அப்பா எந்த மரத்தடி என்று மட்டும் கேட்டார்.

நேற்றுத் தண்ணீர் முறை. இரண்டு மணிக்கு அப்பா கிளம்பும்போது குழாய் டார்ச்சைப் பையில் போட்டுக்கொண்டார், போடுமுன் பின்மூடியைக் கால் சுற்று தளர்த்துவதையும் பார்த்தேன். பெரியது ஆணியிலேயே தொங்கியது. எடுத்துக்கொண்டு போங்கப்பா என்றேன். “எதுக்கு? பன்னி வந்தா நாய் சொல்லும்” என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார். பெரியதில் செல் 4.1 வோல்ட் இருந்தது. இப்படியே தொங்குவதானால் முழுச் சார்ஜில் வைக்கக்கூடாது, 3.8-க்கு இறக்கி வைத்திருக்கிறேன்.